ஃபேன் சுற்று தெரிகிறது, குறைக்க வழியில்லை: லினக்ஸ் டிரைவரில் எதைச் சேர்க்க வேண்டும்?

சோமனூர்ப் பக்கம் ஒரு ஆட்டோலூம் கூடத்தில் தறிகளின் ஓட்டக் கணக்கை எடுக்கச் சின்ன இண்டஸ்ட்ரியல் கம்ப்யூட்டர் ஒன்றை வைத்திருக்கிறீர்கள். லினக்ஸில் ஓடுகிறது. சென்சார்ஸ் கட்டளை கொடுத்தால் வெப்பநிலையும் ஃபேன் சுற்றும் ஒழுங்காக வருகின்றன. ஆனால் ஃபேன் ராத்திரி பகல் பாராமல் முழு வேகத்தில் ஓடிப் பஞ்சை இழுத்து, பதினைந்து நாளில் ஹீட்சிங்க் அடைத்துக்கொள்கிறது. ஐ2சி என்ற இரண்டு கம்பி இணைப்பு வழியாகப் பேசும், ஃபேனைக் கண்காணிக்கும் சிப்பின் டேட்டாஷீட்டில் வேகக் கட்டுப்பாடு உண்டு என்று போட்டிருக்கிறது. டிரைவரிலோ, அதாவது லினக்ஸின் மையமான கர்னலில் இருந்து சிப்போடு பேசும் நிரலிலோ, வேகத்தை எழுத உதவும் பிடபிள்யூஎம்1 என்ற கோப்பே இல்லை. வேறொரு டிரைவரிலிருந்து ரைட் ஃபங்ஷனை எடுத்து ஒட்டினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ரெஜிஸ்டர் எண்களை உங்கள் சிப்புக்கு ஏற்ப மாற்றி ஒட்டினால் வேகம் குறையலாம். ஆனால் உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது வேறு: ஆளில்லாத நேரத்தில் ஏதாவது தப்பிப் போனால் அந்த ஃபேன் நிற்காமல் இருக்குமா? சிப்பின் ரெஜிஸ்டரில், அதாவது அதன் அமைப்பு எண்கள் இருக்கும் சின்ன நினைவிடத்தில், எழுதுவது பத்து வரி வேலை. மீதி உழைப்பு முழுக்க இந்தக் கேள்விக்குத்தான் போகும்.

சிப்பின் பெயரை நீங்கள் சொல்லவில்லை. ஆகவே ரெஜிஸ்டர் எண்களுக்குள் போகாமல், எந்தச் சிப்புக்கும் பொருந்துவதைச் சொல்கிறேன். கோப்பு, ஃபங்ஷன் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். சோர்ஸில் தேடும்போது ஆங்கிலத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

எடிட்டரைத் திறக்கும் முன் மூன்று விஷயம் பார்த்துவிடுங்கள். முதலாவது, உங்கள் கர்னல் பழையதாக இருந்தால் புதிய கர்னலின் சோர்ஸில் அதே டிரைவரைத் திறந்து பாருங்கள். யாராவது ஏற்கெனவே சேர்த்திருக்கலாம். இரண்டாவது, பயாஸில் ஃபேன் வளைவை, அதாவது எந்த வெப்பத்துக்கு எந்த வேகம் என்பதை, மாற்ற இடமிருக்கிறதா? இருந்தால் உங்கள் தேவைக்கு அதுவே போதும், டிரைவரைத் தொடவே வேண்டாம். மூன்றாவது, ஃபேனில் எத்தனை கம்பி? நான்கு கம்பி ஃபேனில் தரை, 12 வோல்ட், சுற்று எண்ணும் சிக்னல், கட்டுப்பாட்டு சிக்னல் என்ற வரிசை. மூன்று கம்பி ஃபேனில் கடைசியது கிடையாது. அதன் வேகத்தைக் குறைக்க மின்னழுத்தத்தைத்தான் குறைக்க வேண்டும். மூன்று கம்பி ஃபேனை, துடிப்பின் அகலத்தை மாற்றி வேகத்தைக் கட்டுப்படுத்தும் பிடபிள்யூஎம் முறையில் இருக்கும் நான்கு முள் ஹெடரில் செருகினால், நீங்கள் எந்த எண்ணை எழுதினாலும் அது முழு வேகத்தில்தான் ஓடும். இதைக் கவனிக்காமல் நாள்கணக்கில் நிரல் கோடில் தப்புத் தேடுபவர்கள் உண்டு.

நான்கு கம்பி ஃபேனுக்கு இன்டெல் வெளியிட்ட வரையறைதான் ஊரெங்கும் நடைமுறை. கட்டுப்பாட்டு சிக்னல் 25 கிலோஹெர்ட்ஸ். 21 முதல் 28 வரை ஏற்கலாம். அந்தக் கம்பியை மேலே இழுத்துப் பிடிக்கும் ரெசிஸ்டர் ஃபேனுக்குள்ளேயே இருக்கிறது. போர்டு அதைத் தரைக்கு இழுத்து விடுவதோடு சரி. அதனால்தான் கட்டுப்பாட்டுக் கம்பி அறுந்தால் ஃபேன் நிற்பதில்லை, முழு வேகத்துக்குப் போகிறது. இந்த வடிவமைப்பில் இருக்கும் புத்தி உங்கள் டிரைவரிலும் இருக்க வேண்டும்: தப்பு நடந்தால் வேகமாக ஓடுகிற பக்கம்தான் விழ வேண்டும். ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு என்பதும் அதே வரையறைதான். 20, 30 சதவீத டூட்டிக்கு (ஒவ்வொரு துடிப்பிலும் சிக்னல் மேலே இருக்கும் நேரப் பங்கு) கீழே போனால் என்ன ஆகும் என்பதை ஃபேன் தயாரிப்பவருக்கு விட்டுவிட்டார்கள். ஒரு ஃபேன் குறைந்தபட்ச வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும், இன்னொன்று நின்றுவிடும். உங்கள் ஃபேன் எந்த வகை என்பதை அளந்துதான் பார்க்க வேண்டும்.

அளப்பதைக் கோடு எழுதுவதற்கு முன்பே செய்யுங்கள், கையால். ஐ2சிடிடெக்ட் கட்டளையில் சிப்பின் முகவரி இருக்கும் இடத்தில் யூயூ என்று காட்டினால் டிரைவர் அதைப் பிடித்திருக்கிறது என்று பொருள். அந்த டிரைவரின் அன்பைண்ட் கோப்பில் சாதனத்தின் பெயரை எழுதி விடுவித்துவிட்டு ஐ2சிகெட், ஐ2சிசெட் இரண்டையும் பயன்படுத்துங்கள். டிரைவர் ஓடிக்கொண்டிருக்கும்போதே கட்டாயப்படுத்தி எழுதும் வழியும் உண்டு. ஒரே முகவரியில் பல ரெஜிஸ்டர் தொகுதிகளை (பேங்க்) மாற்றி மாற்றிக் காட்டும் சிப்பாக இருந்தால் அது வம்பு, டிரைவர் ஒரு பேங்கில் இருக்க நீங்கள் இன்னொன்றில் எழுதிவிடுவீர்கள். இன்னொரு எச்சரிக்கை: ஹெக்ஸ் 50 முதல் 57 வரையுள்ள முகவரிகளில் மெமரி குச்சிகளின் விவரம் இருக்கும். அங்கே தவறி எழுதினால் அடுத்த முறை மெஷின் எழுந்திருக்காமல் போகலாம். முகவரியை இரண்டு தரம் பார்த்துவிட்டு எண்டர் தட்டுங்கள்.

வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் டூட்டி ரெஜிஸ்டரில் முழு மதிப்பை எழுதுங்கள். பிறகு கட்டுப்பாட்டு முறையைக் கைமுறைக்கு மாற்றுங்கள். ஃபேன் அப்படியே ஓட வேண்டும். அதன்பின் பாதி மதிப்பு. சுற்று குறைந்தால் நல்லது. சுற்று மாறவே இல்லையென்றால் போர்டில் அந்த முள்ளுக்குக் கம்பி போகவில்லை, அல்லது மூன்று கம்பி ஃபேன், அல்லது ஃபேனை வேறொரு எம்பெடட் கன்ட்ரோலர் ஆட்டுகிறது. மதிப்பைக் குறைக்கக் குறைக்கச் சுற்று ஏறினால் போலாரிட்டி தலைகீழ். போர்டு வடிவமைத்தவர் நடுவில் ஒரு டிரான்சிஸ்டர் வைத்திருப்பார். அந்த நேரத்தில் பூஜ்யம் எழுதினால் முழு வேகம், 255 எழுதினால் நிற்கும். சிப்பில் போலாரிட்டி பிட் இருந்தால் பயாஸ் அதைச் சரியாக வைத்திருக்கிறதா என்று பாருங்கள். டிரைவர் தானாக அதை மாற்றக் கூடாது. ஐடி87 என்ற வேறொரு சிப் டிரைவரில் போலாரிட்டியைச் சரிசெய்ய ஒரு மாட்யூல் அளவுரு இருக்கிறது, அதன் விளக்கத்திலேயே ஆபத்து என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தச் சோதனை நேரம் முழுக்கச் சிபியு வெப்பநிலையை இன்னொரு டெர்மினலில் ஓட விடுங்கள். அது கோர்டெம்ப் அல்லது கே10டெம்ப் என்ற தனி டிரைவரிலிருந்து வருவதால் நீங்கள் விடுவித்த டிரைவரோடு சேர்ந்து போகாது.

இனி இடைமுகம். கர்னலின் ஹெச்டபிள்யூமான் (வன்பொருள் கண்காணிப்புப் பகுதி) ஆவணத்தில் கோப்புகளின் பொருள் வரையறுக்கப்பட்டிருக்கிறது. இதில் உங்கள் விருப்பத்துக்கு இடமில்லை. பிடபிள்யூஎம்1 என்றால் 0 முதல் 255 வரை, 255 முழு வேகம். பிடபிள்யூஎம்1_எனேபிள் என்பதில் 0 எழுதினால் கட்டுப்பாடே இல்லை, அதாவது ஃபேன் முழு வேகம், 1 கைமுறை, 2 முதல் மேலே தானியங்கி. பூஜ்யம் என்றதும் ஃபேன் நிற்கும் என்று நினைத்துக் கோடு எழுதுவது புதியவர்கள் செய்யும் முதல் தவறு. நிறுத்தப்படுவது கட்டுப்பாடு, ஃபேன் அல்ல. பிடபிள்யூஎம்1_மோட் 0 என்றால் மின்னழுத்த முறை, 1 என்றால் துடிப்பு முறை. பிடபிள்யூஎம்1_ஃப்ரீக் ஹெர்ட்ஸில். தானியங்கியின் 2, 3, 4, 5 என்ன என்பது சிப்புக்குச் சிப்பு மாறும்: என்சிடி6775 டிரைவரில் 2 தெர்மல் குரூஸ், 3 சுற்றை நிலையாக வைப்பது, 5 ஸ்மார்ட் ஃபேன் 4. உங்களுடையதற்கு நீங்கள்தான் ஆவணத்தில் எழுதிவைக்க வேண்டும்.

கைமுறைக்கும் தானியங்கிக்கும் உள்ள வேறுபாடு நம் பக்கத்து விவசாயிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. போர்வெல் ஸ்டார்டர் பெட்டியில் ஆட்டோவில் போட்டிருந்தால் மும்முனை கரண்ட் வந்ததும் மோட்டார் தானே எடுக்கும். மேனுவலில் விட்டுவிட்டுச் சந்தைக்குப் போனால் கரண்ட் வந்து திரும்பவும் போயிருக்கும், வயல் காய்ந்தபடியே கிடக்கும். சிப்பும் அப்படித்தான். 1 எழுதிய நொடியிலிருந்து வெப்பத்தைப் பார்த்து முடிவெடுக்கும் பொறுப்பு சிப்பிலிருந்து உங்கள் மென்பொருளுக்கு வந்துவிடுகிறது. அந்த மென்பொருள் செத்தால் கேட்க ஆளில்லை.

டிரைவரின் கோடைப் பார்ப்போம். 2016 டிசம்பரில் வந்த 4.9 கர்னலிலிருந்து டிவ்எம்_ஹெச்டபிள்யூமான்_டிவைஸ்_ரிஜிஸ்டர்_வித்_இன்ஃபோ என்ற பதிவு முறை இருக்கிறது. உங்கள் டிரைவர் அதைப் பயன்படுத்தினால் வேலை சுலபம்: சேனல் பட்டியலில் பிடபிள்யூஎம் வகைக்கு இன்புட், எனேபிள் என்ற இரண்டு கொடிகளைச் சேர்க்கிறீர்கள், இஸ்_விசிபிள் ஃபங்ஷனில் அவற்றுக்கு 0644 அனுமதி தருகிறீர்கள், ரீட், ரைட் இரண்டிலும் அந்த வகைக்கு ஒரு கிளை சேர்க்கிறீர்கள். பழைய டிரைவர் ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனி ஷோ, ஸ்டோர் ஃபங்ஷன் வைத்திருக்கும். அப்படியானால் முதலில் புதிய முறைக்கு மாற்றும் பேட்ச் (கோடு மாற்றம்) ஒன்று, ஃபேன் கட்டுப்பாட்டுக்கு இன்னொன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கலந்தால் எது எதை உடைத்தது என்று உங்களுக்கே தெரியாது.

இஸ்_விசிபிளில் கண்ணை மூடிக்கொண்டு 0644 திருப்பாதீர்கள். நிறையச் சிப்புகளில் பிடபிள்யூஎம் முள்ளும் ஜிபிஐஓ (பொதுப் பயன்) முள்ளும் ஒன்றே. பயாஸ் அதை ஜிபிஐஓவாக வைத்திருந்தால் அந்தச் சேனலுக்குப் பூஜ்யம் திருப்பிக் கோப்பை மறைத்துவிட வேண்டும். கோப்பு இருந்து வேலை செய்யாமல் இருப்பதைவிடக் கோப்பே இல்லாதது மேல்.

ரைட் பக்கம் மதிப்பு 0 முதல் 255க்கு வெளியே போனால் ஈஇன்வால் பிழை. எனேபிள் கோப்புக்கும் சிப்புக்குத் தெரிந்த எண்களைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அதே பிழை. ஐ2சியில் எழுதுவது தோற்றால் அந்தப் பிழையை அப்படியே மேலே அனுப்புங்கள், விழுங்காதீர்கள். தறிக்கூடத்தில் மோட்டார்களின் இரைச்சல் சிக்னலில் ஏறி ஐ2சி பரிமாற்றம் எப்போதாவது தோற்பது இயல்பு; எழுதியாயிற்று என்று டிரைவர் பொய் சொன்னால், மேலே இருக்கும் நிரல் குறைந்த வேகத்தையே அதிக வேகம் என்று நம்பிக்கொண்டிருக்கும்.

எல்லாவற்றிலும் முக்கியமான இடம் தானியங்கியிலிருந்து கைமுறைக்கு மாறும் நொடி. ரீசெட்டுக்குப் பிறகு கைமுறை டூட்டி ரெஜிஸ்டரில் பூஜ்யம் இருக்கும் சிப்புகள் உண்டு. நீங்கள் முறை பிட்டை முதலில் மாற்றினால் ஃபேன் அந்த நொடியே நிற்கும். அடுத்து டூட்டியை எழுதுவது ஐ2சி பிழையால் தோற்றால் நின்றது நின்றதுதான். ஆகவே இப்போது ஓடும் டூட்டியைப் படித்து, கைமுறை ரெஜிஸ்டரில் எழுதி, அது வெற்றி என்று தெரிந்த பிறகே முறையை மாற்றுங்கள். படிக்கும் வசதி சிப்பில் இல்லையென்றால் 255 எழுதுங்கள். ஒரு ரெஜிஸ்டருக்குள் சில பிட்டுகளை மாற்ற, கர்னலின் ரெஜிஸ்டர் நூலகமான ரெக்மேப்பின் ரெக்மேப்_அப்டேட்_பிட்ஸ் போதும், ஒரே நேரத்தில் இருவர் எழுதாமல் தடுக்கும் பூட்டு அதற்குள் இருக்கிறது. இங்கே இரண்டு ரெஜிஸ்டர்கள் வரிசையாக மாற வேண்டும். இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் எழுதினால் வரிசை குலையும். உங்கள் கர்னல் பதிப்பில் பக்கத்து டிரைவர்கள் பூட்டை எப்படிக் கையாள்கின்றன என்று பார்த்து அதே வழியில் போங்கள்.

அளவு மாற்றத்தில் ஒரு சின்னக் கண்ணி இருக்கிறது. சிப் 7 பிட் என்றால் அதன் உச்சம் 127. எழுதும்போது இரண்டால் வகுத்து, படிக்கும்போது இரண்டால் பெருக்கினால், 255 எழுதியவருக்கு 254 திரும்பி வரும். முழு வேகமா என்று 255ஐ வைத்து ஒப்பிடும் நிரல் ஏமாந்துபோகும். 127ஆல் பெருக்கி 255ஆல் வகுத்து அருகிலுள்ள முழு எண்ணுக்கு மாற்றுங்கள், திரும்பி வரும்போது அதன் தலைகீழ். இரு முனைகளும் துல்லியமாகப் பொருந்தும். நடுவில் 101 எழுதி 100 வந்தால் அது பாதகமில்லை.

ரெக்மேப் கேஷ் (ரெஜிஸ்டர் மதிப்புகளின் நகல்) பயன்படுத்தும் டிரைவர் என்றால் இங்கே நிதானம் தேவை. தானியங்கியில் டூட்டியைச் சிப் தானாக மாற்றுகிறது. அந்த ரெஜிஸ்டரை வோலடைல், அதாவது தானே மாறக்கூடியது, என்று அறிவிக்காவிட்டால் பிடபிள்யூஎம்1 முதலில் படித்த எண்ணையே காலமெல்லாம் காட்டும். அறிவித்தால் வேறொரு சிக்கல் வருகிறது: வோலடைல் ரெஜிஸ்டர் கேஷில் இருக்காது, எனவே மெஷின் உறங்கி எழும்போது ரெக்கேஷ்_சிங்க் அதைத் திருப்பி எழுதாது. முறை ரெஜிஸ்டரை மட்டும் கைமுறை என்று எழுதிவிடும். டூட்டி பூஜ்யத்தில், முறை கைமுறையில், ஃபேன் நிற்கும். கைமுறை டூட்டியை டிரைவரின் சொந்தத் தரவில் தனியாக வைத்துக்கொண்டு, ரெஸ்யூமில் முதலில் அதை எழுதி, பிறகு சிங்க் செய்யுங்கள். உங்கள் மெஷின் உறங்குவதே இல்லை என்றாலும் இந்த டிரைவரை லேப்டாப்பிலும் யாராவது ஏற்றுவார்கள்.

டிரைவரை இறக்கும்போது என்ன ஆக வேண்டும்? ப்ரோப் நேரத்தில், அதாவது டிரைவர் சிப்பைப் பிடிக்கும்போது, இருந்த முறையைச் சேமித்து வைத்து, இறங்கும்போது திருப்பி வைப்பதே நல்லது. டிவ்எம்_ஆட்_ஆக்‌ஷன்_ஆர்_ரீசெட் கொண்டு இதைச் செய்யலாம், ஆனால் வரிசையைப் பாருங்கள். டிரைவர் இறங்கும்போது தானே ஓடும் இந்த டிவ்எம் செயல்கள் பதிந்ததற்குத் தலைகீழாக ஓடும். திருப்பி வைக்கும் செயலை ஹெச்டபிள்யூமான் பதிவுக்கு முன்னால் போட வேண்டும். அப்போதுதான் முதலில் கோப்புகள் மறைந்து, பிறகு சிப் பழைய நிலைக்குப் போகும். மாற்றிப் போட்டால், சிப்பைத் தானியங்கிக்கு மாற்றிய பிறகும் கோப்பு ஒரு கணம் உயிரோடிருக்கும். அந்த இடைவெளியில் எவராவது எழுதினால் திரும்பவும் கைமுறை. மெஷினை ரீபூட் செய்யும்போது டிவ்எம் செயல்கள் ஓடுவதே இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். அதற்கு ஷட்டவுன் கால்பேக் தனியாக வேண்டும். சிப்புக்கு ஸ்டாண்ட்பை மின்சாரம் தொடர்ந்து வருவதால், ரீபூட் ஆனாலும் பழைய டூட்டியோடே இருக்கக்கூடும்.

கர்னலே உறைந்துவிட்டால் எந்த டிரைவராலும் ஒன்றும் ஆகாது. கைமுறையில் கடைசியாக எழுதிய டூட்டியிலேயே ஃபேன் ஓடும். சிப்பில் வாட்ச்டாக் இருந்தால், அதாவது சில விநாடிகள் பேச்சு வராவிட்டால் ஃபேனை முழு வேகத்துக்கு ஏற்றும் வசதி இருந்தால், அதைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் கர்னல் பேனிக் (மீள முடியாத பிழை) ஆனால் பத்து விநாடியில் தானே ரீபூட் ஆகும்படி கர்னல் அளவுருவை வைத்து, போர்டின் வாட்ச்டாக் டைமரையும் இயக்கிவிடுங்கள்.

கட்டுப்பாடு வேலை செய்யத் தொடங்கியதும் ஃபேன் சுற்று திடீரென்று பூஜ்யம் என்று காட்டலாம். பதறி டூட்டி கோடைக் கிளறாதீர்கள். பழைய வகைச் சிப்புகளில் சுற்று என்பது 1350000ஐ எண்ணிக்கையாலும் வகுத்தியாலும் வகுத்து வருவது. எண்ணி 8 பிட், வகுத்தி 2 என்றால் நிமிடத்துக்கு 2647 சுற்றுக்குக் கீழே எண்ணி நிரம்பிவிடும், டிரைவர் நின்றுவிட்டது என்று சொல்லும். முழு வேகத்தில் ஓடிய வரை அந்தக் குறை வெளியே தெரியாது. வகுத்தியை 8 ஆக்கினால் சுமார் 660 சுற்று வரை அளக்கலாம். ஃபேன்1_டிவ் கோப்பு இருந்தால் அங்கே மாற்றுங்கள். மூன்று கம்பி ஃபேனில் மின்சாரத்தையே துடிப்பாக வெட்டினால் சுற்று எண்ணும் சர்க்யூட்டுக்கும் மின்சாரம் அறுந்து அறுந்து போகும், எண் தாறுமாறாக வரும். அது டிரைவரின் தவறே அல்ல.

உங்கள் போர்டில் சிப் ஐ2சியில் இல்லாமல் சூப்பர் ஐஓவாக (போர்ட் முகவரிகள் வழியே பேசும் பலபயன் சிப்) இருந்திருந்தால் வேறு தலைவலி. ஹெக்ஸ் 2ஈ, 2எஃப் போர்ட்களைத் திறந்து, உள்ளே அடிப்படை முகவரியைப் படித்து, அந்த முகவரியோடு 5, 6 கூட்டிய போர்ட்களில் பேச வேண்டும். அதே போர்ட்களை பயாஸ் தரும் ஏசிபிஐ கோடும் தொட்டால் பேங்க் குழம்பும். கர்னல் அந்த மோதலைக் கண்டால் டிரைவரை ஏற்றவே விடாது. ஏசிபிஐ_என்ஃபோர்ஸ்_ரிசோர்சஸ் என்பதை லாக்ஸ் என்று வைத்தால் ஏற்றலாம் என்று இணையத்தில் சொல்வார்கள். வெப்பநிலையைப் படிப்பதற்கே அது சூதாட்டம். ஃபேனில் எழுதுவதற்கு நான் ஒப்பமாட்டேன். ராஸ்பெரி பை போன்ற போர்டு என்றால் டிரைவர் எழுத வேண்டியதே இல்லை: பிடபிள்யூஎம்-ஃபேன் என்ற டிரைவர் கர்னலிலேயே உண்டு, டிவைஸ் ட்ரீயில் (போர்டின் வன்பொருள் விவரக் கோப்பு) காலம் 40000 நானோ விநாடி என்று கொடுத்தால் 25 கிலோஹெர்ட்ஸ் வந்துவிடும்.

சோதனையை இப்படிச் செய்யுங்கள். 255, 192, 128, 96, 64, 48, 32, 0 என்று இறங்குங்கள். ஒவ்வொன்றிலும் பத்து விநாடி விட்டுச் சுற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். நின்ற இடத்தைக் குறித்து, பிறகு பூஜ்யத்திலிருந்து ஏறி எந்த எண்ணில் மறுக்கா சுற்ற ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். ஓடிக்கொண்டிருப்பதை ஓட வைக்கத் தேவையானதைவிட, நின்றதைக் கிளப்பத் தேவையான டூட்டி அதிகமாக இருக்கும். பேரிங்கில் பஞ்சும் எண்ணெயும் சேர்ந்த பிறகு இடைவெளி இன்னும் கூடும். வெப்பத்தைப் பார்த்து ஃபேன் வேகத்தை மாற்றும் ஃபேன்கன்ட்ரோல் நிரலின் அமைப்பில் மின்ஸ்டார்ட், மின்ஸ்டாப் என்று இரண்டு எண்கள் தனித்தனியாகக் கேட்பது இதற்காகத்தான். மின்பிடபிள்யூஎம்மை, அதாவது குறைந்தபட்ச டூட்டியை, பூஜ்யமாக விடாதீர்கள். உங்கள் இடத்தில் ஃபேன் எப்போதும் கொஞ்சமாவது ஓட வேண்டும். அந்த நிரல் ஒழுங்காக நிறுத்தப்பட்டால் பழைய நிலையைத் திருப்பி வைக்கும்; கில் -9 கொடுத்தால் வைக்காது. அதோடு, ஹெச்டபிள்யூமான்2, ஹெச்டபிள்யூமான்3 என்ற எண்கள் மெஷின் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் மாறக்கூடியவை. நீங்களே ஸ்கிரிப்ட் எழுதினால் நேம் கோப்பைப் படித்து அடையாளம் காணுங்கள்.

வெப்பச் சோதனையைச் சித்திரை மாதத்து மதியம் இரண்டு மணிக்கு, ஷெட்டில், தறிகள் ஓடும்போது செய்யுங்கள். ஏசி அறையில் 25 டிகிரியில் சிபியு 55 காட்டினால் ஏற்றம் 30 டிகிரி. ஷெட்டில் 40 டிகிரி என்றால் அதே சுமைக்கு 70. ஹீட்சிங்க் பாதி அடைத்திருந்தால் அந்த 30 என்பதும் 30ஆக இருக்காது. சிபியு அளவு மீறினால் தன்னைத் தானே காத்துக்கொள்ளும், ஆனால் அதே ஃபேன் காற்றை நம்பியிருக்கும் மின்னழுத்தச் சீரமைப்புப் பகுதிக்கும் எஸ்எஸ்டிக்கும் அந்த வசதி எல்லா போர்டிலும் இல்லை. வளைவைச் சிபியுவை மட்டும் பார்த்து வைக்காதீர்கள்.

இதுவரை சொன்னதில் கோப்புகளின் பொருள், எழுதும் வரிசை, வோலடைல், ஷட்டவுன் ஆகியவை உறுதியானவை. மற்ற சிலவற்றில் டிரைவருக்கு டிரைவர் வழக்கம் மாறுகிறது. தானியங்கியில் இருக்கும்போது பிடபிள்யூஎம்1இல் எழுதினால் என்ன செய்வது? ஐடி87 டிரைவர் சில சிப்புகளுக்கு ஈபிஸி என்று மறுத்துவிடுகிறது; வேறு டிரைவர்கள் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு கைமுறைக்கு மாறும்போது பயன்படுத்துகின்றன. மறுப்பதே நேர்மை என்பது என் கருத்து, எழுதியவருக்கு உடனே தெரிகிறது. சிப்பில் கட்டுப்பாடற்ற நிலை இல்லையென்றால் எனேபிள் 0ஐ எப்படிக் காட்டுவது என்பது இன்னொன்று. என்சிடி6775 கைமுறையும் 255ம் சேர்ந்திருந்தால் அதை 0 என்று காட்டுகிறது. 1 எழுதிவிட்டு 255 போட்டவருக்கு 0 என்று வருவது முதலில் குழப்பும், ஆனாலும் தர்க்கம் சரி. இறங்கும்போது பழைய நிலையைத் திருப்பி வைப்பதிலும் உங்கள் பேட்சைப் பார்வையிடுபவர் வேறு சொல்லலாம். சொன்னால் காரணம் கேளுங்கள், பிறகு முடிவெடுங்கள். ப்ரோபில் மட்டும் எதையும் மாற்றக் கூடாது என்பதில் பேச்சில்லை: டிரைவர் ஏறியதால் ஃபேன் வேகம் மாறவே கூடாது.

மாற்றத்தை லினக்ஸ் கர்னல் திட்டத்துக்கே அனுப்ப நினைத்தால், கோடு நடையைச் சோதிக்கும் செக்பேட்சை ஸ்ட்ரிக்ட் தேர்வோடு ஓட்டி, டாக்குமென்டேஷன் கோப்புறையில் உங்கள் சிப்பின் ஆவணத்தில் புதிய கோப்புகளைச் சேர்த்து, தலைப்பை ஹெச்டபிள்யூமான், அடைப்பில் டிரைவர் பெயர், பிறகு என்ன சேர்த்தீர்கள் என்ற அமைப்பில் எழுதுங்கள். கெட்_மெயின்டெய்னர் ஸ்கிரிப்ட் யாருக்கு அனுப்ப வேண்டும் என்று காட்டும். இந்தத் துணையமைப்பைப் பல ஆண்டுகளாகக் கவனிப்பவர் குந்தர் ரோக். எந்தச் சிப்பில், எந்தப் போர்டில் சோதித்தீர்கள் என்பதைக் கமிட் செய்தியில் எழுதுங்கள். ஒரே டிரைவர் நாலைந்து சிப்புகளுக்கு என்றால், நீங்கள் சோதித்த சிப்புக்கு மட்டும் கோப்பைத் திறந்துவிடுங்கள்.

பஞ்சைப் பற்றி ஒரு வார்த்தை. வேகத்தைக் குறைத்தால் உள்ளே வரும் பஞ்சு குறையும், ஆனால் நிற்காது. பதினைந்து நாள் என்பது ஒரு மாதம் ஆகலாம். மெதுவாக ஓடும் ஃபேனுக்கு அடைப்பைத் தாங்கும் தெம்பும் குறைவு. அதே அளவு பஞ்சு இப்போது இன்னும் சீக்கிரம் சூட்டை ஏற்றும். முன்னால் கழற்றிக் கழுவும் ஃபில்டர் ஒன்று வைத்து, வாரம் ஒருமுறை தறிக்கு ஏர் அடிக்கும்போது அதையும் தட்டிவிடச் சொல்லுங்கள். ஏர் அடிக்கையில் ஃபேன் இறக்கையைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும், காற்றில் அளவுக்கு மீறிச் சுற்றினால் பேரிங் போய்விடும். அடுத்த முறை வாங்கும்போது ஃபேனே இல்லாத, உடல் முழுக்க ஹீட்சிங்காக வரும் பெட்டியைக் கேளுங்கள்.

சிப்பின் மேல் இருக்கும் எழுத்துகளையும், கர்னல் பதிப்பையும், ஃபேன் கம்பிகளின் எண்ணிக்கையையும், மேலே சொன்ன எட்டு எண்களுக்கு வந்த சுற்றுகளையும் இதன் கீழே போடுங்கள். முறை ரெஜிஸ்டரில் எந்த பிட்டை எந்த வரிசையில் மாற்றுவது என்று அதன்பின் சொல்ல முடியும்.